இராவணன் வழியும் சீதை வழியும்

ஊவா மாகாணத்தின் தலைநகராகிய பதுளையை விட்டுச் சில கல் தொலைவு சென்றால் ஹாலிஎல என்னும் சிற்றூரை அடையலாம். தெமோதரையைக் கடந்து பதுளையை நோக்கி ஓடும் புகையிரதம் நிற்கின்ற ஊர் அது. சுற்றிலும் தேயிலை மலைகள், மலைச்சரிவுகளில் லயங்கள், லயங்களின் நடுவே மாரியம்மன் கோயில்கள். ஹாலிஎலச் சந்தியில் பெருந்தெரு இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை வெலிமடை வழியாக நுவரெலியாவை நாடுகின்றது. மற்றொன்று தெமோதரை, பண்டாரவளை என்று மேலேறுகின்றது. அதிலிருந்து பிரியும் தெரு எல்ல என்னும் ஊருக்கு இட்டுச் செல்கின்றது.

இவ்விரு வழிகளுக்கும் ஊர்மக்கள் கூறும் கதைகளைக் கேட்டால், முன்னது சீதையின் வழி என்றும், பின்னது இராவணனின் வழி என்றும் சொல்லத் தோன்றும். எல்லவிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் தெருவோரத்தில், ஏறத்தாழ 80 அடி உயரத்திலிருந்து பாய்கின்றது இராவணன் அருவி. அதனை ஒட்டிய மலையில் இராவணன் குகை உள்ளது. சீதையை அங்கே மறைத்து வைத்தான் என்பது செவிவழிக் கதை. தொல்லியலார் அந்தக் குகையில் அகழ்ந்து கண்டவையோ வரலாற்றுக்கு முற்பட்ட மனிதர் வாழ்ந்த தடயங்கள். வெலிமடைப் பக்கத்திலே திவுரும்பொல என்றொரு பௌத்த விகாரை இருக்கின்றது. திவுரும் என்றால் சிங்களத்தில் ஆணை, சத்தியம் என்று பொருள். சீதை தீக்குளித்துத் தன் கற்பை மெய்ப்பித்த இடம் அதுவே என்பர். இன்னும் மேலே சென்றால், ஹக்கல மலையடியில், ஓடைக் கரையில் சீதா எலிய ஆலயம். அங்குள்ள பாறைக் குழிகள் அனுமனின் அடிச்சுவடுகளாம்.

இவற்றைக் கேட்டு நகைப்பதற்கு யாதும் இல்லை. தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் தலபுராணம் இல்லாத ஊர் அரிது. மலையைக் கண்டால் அதற்கொரு தெய்வமும், சுனையைக் கண்டால் அதற்கொரு கதையும் படைத்துக் கொள்வது மனித இயல்பு. வழிப்போக்கன் களைப்பாறும் இடத்தில் அவனுக்கு ஒரு கதையும் கிடைக்கின்றது. கதை சொன்னவரும் சான்று காட்டுவதில்லை. கேட்டவரும் சான்று கேட்பதில்லை. இருவருக்கும் நிறைவு உண்டாகின்றது. பிறர் எவருக்கும் இதனால் இழப்பு இல்லை.

ஆனால் அண்மைக் காலத்தில் இந்தக் கதை விண்ணளவுக்கு உயர்ந்துவிட்டது. இதனை உவமையாகக் கொள்ள வேண்டா. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமெரிக்காவிலிருந்து ஏவப்பட்ட விண்கலம் ஒன்றில் இலங்கையின் சிறு செய்மதி ஒன்று பயணம் செய்தது. ஜப்பானில் கியூஷூ தொழில்நுட்பக் கழகத்தில், இலங்கை இளைஞர் இருவர் அதனைச் சமைத்தனர். ஒரு பக்கம் 10 சென்ரிமீற்றர் அளவுள்ள கனசதுரம். எடை ஏறத்தாழ ஒரு கிலோகிராம். சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து அவ்வாண்டு ஜூன் 17ஆம் நாள் அது விடுவிக்கப்பட்டு, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில் பூமியை வலம் வந்தது. அதற்கு இட்ட பெயர் இராவணா 1. அதே கூட்டத்தில் நேபாள நாட்டின் செய்மதியும் ஜப்பானின் செய்மதியும் சென்றன. சீதை பிறந்த மிதிலை எனப் போற்றப்படும் ஜனக்பூர் நேபாளத்தில் இருப்பது. சீதையின் நாடும் இராவணனின் நாடும் ஒரே கலத்தில் அருகருகே விண்ணேறிய இந்த விந்தையை எந்தப் புலவனும் கற்பனை செய்திருக்க மாட்டான்!

செய்மதிக்குப் பழங்கதையிலிருந்து பெயர் சூட்டுவது உலக வழக்கு. அமெரிக்கர் நிலவுக்கு மனிதரை அனுப்பிய திட்டத்துக்கு அப்பல்லோ என்று கிரேக்கத் தெய்வத்தின் பெயரை இட்டனர். ஆயினும் அந்தத் தெய்வம் உண்மையிலேயே ஏவுகணை கட்டியதாக அவர்கள் சொல்லவில்லை. இலங்கையிலோ செய்தி அவ்வளவில் நிற்கவில்லை. அதே 2019ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், கட்டுநாயக்காவில் விமான சேவைத் துறையினரும் ஆய்வாளரும் சிலர் கூடினர். இராவணன் 5,000 ஆண்டுகளுக்கு முன்னரே வானூர்தி செலுத்தினான் என்னும் முடிவு அக்கூட்டத்தில் உரைக்கப்பட்டது. மறு ஆண்டு, 2020 ஜூலையில், அரசின் விமான சேவைத் துறை நாளேடுகளில் விளம்பரம் ஒன்றை வெளியிட்டது. இராவணனைப் பற்றியும் பழைய வான்வழிகளைப் பற்றியும் நூல்களோ ஆவணங்களோ வைத்திருப்போர் தந்துதவ வேண்டும் என்பது அதன் சாரம். உலகெங்கும் பெருந்தொற்றால் வானூர்திகள் தரையில் முடங்கிக் கிடந்த காலத்திலே, வானூர்தித் துறை புட்பக விமானத்தைத் தேடியது என்பது செய்தித்தாள்களுக்கு விருந்தாயிற்று.

இனி, மூல நூல் என்ன கூறுகின்றது என்று நோக்குவோம். புட்பக விமானத்தை இராவணன் ஆக்கினான் என்று வான்மீகி முனிவர் சொல்லவில்லை. தேவதச்சன் பிரமனுக்காகச் செய்தது அது. பின்னர் குபேரன் கைக்கு வந்தது. தமையனாகிய குபேரனை வென்று இராவணன் அதனைப் பறித்துக் கொண்டான். போர் முடிந்தபின் இராமன் சீதையுடனும் இலக்குவனுடனும் அயோத்தி மீண்டதும் அதே விமானத்தில்தான். அதன்பின் அது உரியவனிடமே திரும்பிவிட்டது. எனவே, காவியத்தை வரலாறாகக் கொள்வதாயின் முழுவதையும் அவ்வாறே கொள்ள வேண்டும். அப்போது முதல் விமானி என்னும் பெருமை குபேரனுக்குப் போகும். இராவணனுக்கு எஞ்சுவது பிறர் ஊர்தியைக் கவர்ந்தான் என்னும் வழக்கு ஒன்றே. விமானத்தை மட்டும் மெய்யென்று எடுத்துக் கொண்டு, பத்துத் தலையை உருவகம் என்று ஒதுக்குவது நடுவுநிலை ஆகாது.

இராவணனோ ஒருவனாக இருந்தவன் அல்லன். கம்பனின் இராவணன் வீரமும் இசையும் கல்வியும் நிறைந்து, ஒரு பிழையால் அழிந்தவன். சைவத் திருமுறையில் அவன் கயிலையை எடுக்க முயன்று, திருவிரலால் நெரிபட்டு, இசை பாடி அருள் பெற்றவன். திருஞானசம்பந்தர் தம் பதிகங்களில் எட்டாம் பாடலை அவன் நினைவுக்கென்றே வைத்தது போல அமைத்துள்ளார். திருகோணமலையில் இராவணன் வெட்டு என்றொரு பாறைப் பிளவைச் சிவபத்தனாகிய அவனோடு இணைத்துக் காட்டுவர். மகாயான பௌத்தத்தின் இலங்காவதார சூத்திரத்தில் அவன் புத்தரை வரவேற்று அறங்கேட்கும் இலங்கை வேந்தன். சிங்கள மக்களின் பெருநூலாகிய மகாவம்சமோ அவன் கதையைச் சொல்லவில்லை. இருந்தும் இன்று சிங்கள இளைஞர் பலர் அவனைத் தம் மூதாதை மன்னனாகப் போற்றுகின்றனர். தொலைக்காட்சித் தொடரிலும் பாட்டிலும் அவன் உலா வருகின்றான்.

தமிழ்நாட்டிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்ததுண்டு. புலவர் குழந்தை இயற்றிய இராவண காவியம் 1946இல் வெளிவந்தது. 1948இல் தடை செய்யப்பட்டது. 1971இல் தடை நீங்கியது. வடநாட்டில் ஆண்டுதோறும் இராவணன் உருவத்தைக் கொளுத்தும் இராமலீலைக்கு எதிராக, 1974 டிசம்பரில் சென்னையில் திராவிடர் கழகத்தார் இராவண லீலை நடத்தி இராமன் உருவத்தைக் கொளுத்தினர். அதே வடநாட்டில், கான்பூர் நகரிலே இராவணனுக்கென்று ஒரு கோயில் இருக்கின்றது. விசயதசமியன்று மட்டுமே அது திறக்கப்படும். நாடெங்கும் அவன் எரியும் நாளில் அங்கே அவனுக்குப் பூசை நடக்கின்றது!

இத்தனை இராவணர்களும் ஒரு நாட்டில், ஒரு மொழியில், ஒரு வீட்டில்கூடச் சேர்ந்து வாழ்ந்திருக்கின்றனர். பூசலின்றி வாழ முடிந்ததன் காரணம், எவரும் அவனுக்கு ஒற்றைப் பிறப்புச் சான்றிதழ் கேளாமையே. அரசு முத்திரை ஒன்று விழுந்துவிட்டால் நிலைமை மாறிவிடும். இராவணன் எவர் இனத்தவன், எவர் மதத்தவன், எந்த மலை எவருடையது என்ற வழக்குகள் தொடங்கும். முன்பே இன வேற்றுமையால் குருதி சிந்திய நாட்டிற்குப் பழங்கதையிலிருந்தும் ஒரு பிணக்கு வேண்டுவதில்லை.

மாணவர் நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தோட்டப் பாடசாலையிலே அறிவியல் கற்கும் சிறுவன் ஒருவன், வானூர்தி எவ்வாறு பறக்கின்றது என்ற வினாவுக்குச் சிறகின் வளைவையும், காற்றின் அழுத்தத்தையும், பொறியின் உந்துதலையும் விளக்கக் கற்க வேண்டியவன். விடை முன்பே நம் முன்னோரிடம் இருந்தது என்று அவனிடம் சொல்லிவிட்டால், வினாவும் அங்கேயே முடிந்துவிடுகின்றது. ஒரு கிலோகிராம் எடையுள்ள கனசதுரத்தை விண்ணில் நிறுத்த அந்த இரு இளைஞர் எத்தனை கணக்குகளைப் போட்டிருப்பர்! அவர்களது உழைப்பே அச்சிறுவனுக்குக் காட்டத்தக்க முன்மாதிரி. அந்தச் செய்மதி 2021இல் வளிமண்டலத்துள் விழுந்து எரிந்து போயிற்று. அவர்கள் கற்ற கல்வி எரியவில்லை.

அப்படியாயின் கதைகளை அகற்றிவிட வேண்டுமா? வேண்டியதில்லை. ஹாலிஎலக்கு அண்மையில் உள்ள தெமோதரைப் புகையிரத நிலையத்தைச் சான்றாகக் கொள்வோம். அங்கே இருப்புப்பாதை மலையைச் சுற்றி வளைந்து, நிலையத்தின் அடியிலேயே குகைவழியாகப் புகுந்து வெளிப்படுகின்றது. தோட்டத்துக் கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றியதைக் கண்டுதான் பொறியியலாளருக்கு அந்த எண்ணம் உதித்தது என்று மலைநாட்டில் கூறுவர். வளைவு மெய், அதனை எவரும் அளந்து பார்க்கலாம். தலைப்பாகை கதை. ஆனால் அக்கதைக்குள் ஓர் ஏக்கம் இருக்கின்றது. அந்தப் பாதைக்கு மண் சுமந்தோரின் பெயர்கள் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை. ஆகவே மக்கள் தம்மவர் ஒருவரின் தலைப்பாகையையேனும் அதில் சுற்றிவைத்தனர். கதையைக் கதையாகக் கேட்பவருக்கே இந்த ஏக்கம் விளங்கும்.

தோட்டங்களில் மாசி மாதத்தில் நடைபெறும் காமன் கூத்து இதனினும் சிறந்த பாடம். வளர்பிறையிலே கம்பம் ஊன்றுவர். நோன்பிருந்து வேடம் புனைவர். மன்மதனும் இரதியும் வீட்டுக்கு வீடு ஆடி வருவர். இரதியாக ஆடுபவரும் ஆடவரே. தப்பு முழங்க, சிவபெருமானின் நெற்றிக்கண் திறந்து மன்மதன் எரியும்போது, இரதியின் ஒப்பாரியைக் கேட்டுக் கண்ணீர் விடாத பெண்கள் இல்லை. வேடத்துக்குள் இருப்பவர் அடுத்த லயத்துப் பிள்ளை என்பதும், காலையில் அவர் மலைக்கு வேலைக்குப் போவார் என்பதும் அழுகின்றவர்களுக்குத் தெரியும். தெரிந்தே கும்பிடுகின்றனர், தெரிந்தே அழுகின்றனர். தஞ்சைப் பகுதியில் காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும், எரியவில்லை என்று ஒரு கட்சியும் பிரிந்து, விடிய விடிய லாவணி பாடி வழக்காடும் மரபு உண்டு. விடிந்ததும் இரு கட்சியாரும் ஒன்றாகவே வீடு திரும்புவர். எவர் சொன்னது மெய் என்று தீர்ப்பளிக்க அவர்கள் எந்த அமைச்சையும் அணுகியதில்லை. பத்தியும் கலையும் வேடிக்கையும் ஒரே பந்தலில் இருந்தும், அவற்றின் எல்லைகளை அந்த எளிய மக்கள் அறிந்திருந்தனர்.

இன்று இந்த மலைப்பாதைகள் சுற்றுலாப் பாதைகளாகி விட்டன. இராமாயணத் தலங்கள் என்று 50க்கும் மேற்பட்ட இடங்கள் எண்ணிக் காட்டப்படுகின்றன. 2018 நவம்பரில் தில்லியிலிருந்து இராமேசுவரத்துக்கு இராமாயணப் பெயர் தாங்கிய தனிப் புகையிரதம் விடப்பட்டது. விரும்புவோர் இலங்கைக்கும் வந்து செல்ல அதில் ஏற்பாடு இருந்தது. 2024 மே 19ஆம் நாள் சீதா எலிய ஆலயக் குடமுழுக்குக்கு அயோத்தியிலிருந்து சரயு நதியின் நீர் கொண்டுவரப்பட்டது. யாத்திரிகர் வருவதால் கடைக்காரரும் வண்டியோட்டியும் பிழைக்கின்றனர். அது நன்றே.

எனினும் அதே கடலைக் கடந்து வேறொரு கூட்டமும் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து புறப்பட்டு, தோணிகளில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே கால்நடையாக மலைநாட்டுக்கு வந்தோர் அவர்கள். நோயாலும் பசியாலும் வழியில் மாண்டோர் எண்ணற்றவர். இது செவிவழிக் கதை அன்று. ஆவணங்கள் உள்ள வரலாறு. அவ்வருகையின் 200ஆம் ஆண்டு நினைவாக, 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட மக்கள் மாத்தளை வரை நடந்தே சென்று ஆகஸ்ட் மாதத்தில் பயணத்தை முடித்தனர். வானரப் படை கடந்த வழியை அறிந்த பிள்ளைகள், தம் பாட்டன் பாட்டி நடந்த வழியையும் அறிந்திருத்தல் வேண்டும். முன்னதைக் கேட்கச் செவி போதும். பின்னதை அறியப் பதிவேடுகளைப் புரட்ட வேண்டும். உயிரோடிருக்கும் முதியோரிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டும். அவர்கள் சொல்லத் தக்க காலம் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றது.

ஹாலிஎலச் சந்தியில் பஸ் வண்டிக்குக் காத்திருக்கும் யாத்திரிகர் இராவணன் வழியே சென்றாலும், சீதையின் வழியே சென்றாலும், இருமருங்கிலும் காண்பது தேயிலையே. அதனை நட்டவர் எவர், அவர் எங்கிருந்து வந்தார் என்று அவர் வினவுவாராயின், விடை கூறுவதற்கு அந்த ஊர்ப் பிள்ளைகள் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.