தாயைத் தூற்றினால் சேய் வாழுமா?

(வட்டகொடையில் நடைபெற்ற ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பேசவே கூசும் பொருளொன்றை இன்று எடுத்துக்கொண்டோம். ஹெரோயின் என்னும் தூளுக்கு அடிமையான பெண் கருவுற்றால் நாம் என் செய்வது?

“அறையில் பூட்டுங்கள், இன்றே நிறுத்தட்டும்” என்பர் நம்மில் பலர். நாமும் ஒருகாலத்தில் அவ்வாறே எண்ணினோம். நல்லெண்ணத்திற் பிறந்த சொல்தான், ஆயினும் ஆபத்தானது. உடல் பழகிய போதையைத் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வாந்தியும் தாயை வாட்டும். கருச்சிதைவோ குறைமாதப் பிரசவமோ நேரலாம். சில நாள் விட்டிருந்து மீண்டும் பழைய அளவையே எடுத்தால் மூச்சடங்கி உயிரே போகலாம். ஆதலால், மெதடோன் அல்லது புப்ரெனோர்பின் என்னும் மருந்தை வைத்தியர் கண்காணிப்பில் அளவோடு கொடுப்பதே மேல் என உலக சுகாதார நிறுவனம் 2014இல் அறிவுறுத்தியது. எவளுக்கு எது பொருந்தும் என்பதை வைத்தியரே தீர்மானிப்பார்.

இப்பெண்களில் பலருக்கு மனச்சோர்வும் பயமும் உண்டு. அடியும் உதையும் பட்ட வேதனையை மறக்கவே தூளைத் தொட்டவர்களும் உளர். “முதலில் போதையை விடு, மனத்தைப் பிறகு பார்க்கலாம்” என்பது தவறு. இரண்டுக்கும் ஒருங்கே சிகிச்சை வேண்டும். மனம் திறந்து பேசவைக்கும் ஆலோசனை பெரிதும் உதவும். மருந்திலோ மிகுந்த கவனம் தேவை. வலிப்புக்கும் மனநோய்க்கும் வழங்கும் சோடியம் வல்புரோவேட் சிசுவை ஊனப்படுத்தலாம். ஹெரோயினோடு தூக்கமாத்திரை சேர்ந்தால் மூச்சுக்கே கேடு. எனவே கடையில் தாமாக வாங்குதலும் ஆகாது. வைத்தியர் தந்ததைத் தாமாக நிறுத்துதலும் ஆகாது. 1987இல் வெளியான, எடின்பரோவின் பெயர் தாங்கிய பத்து வினாக்களைக் கேட்டே தாயின் மனச்சோர்வை ஆரம்பத்தில் அறியலாம்.

பிறந்த குழந்தை சில நாளில் நடுங்கலாம், ஓயாது அழலாம். அது பாவத்தின் பலனன்று, குணப்படுத்தக்கூடிய நோய். தாயின் அணைப்பே அதற்கு முதல் மருந்து. சிகிச்சையில் நிலைபெற்ற தாய் வைத்தியரின் அனுமதியோடு பாலூட்டவும் செய்யலாம்.

வாலிபர்களே! லயத்தில் ஒருத்தியைப் பற்றி ஊர் முணுமுணுத்தால், அப்பேச்சு உங்கள் வாயோடு நிற்கட்டும். கிளினிக்கிற்குப் போனால் ஒருநாட் சம்பளம் போகுமே என அவள் தயங்குவாள்; உங்கள் வீட்டுப் பெண்கள் துணைக்குச் செல்லட்டும், நீங்கள் செலவுக்கு உதவுங்கள். குடும்பநல உத்தியோகத்தரிடம் இரகசியமாக எடுத்துரைக்கலாம். போதைக்கு 1927, மனநலத்துக்கு 1926 என்னும் தொலைபேசி எண்கள் உண்டு.

பெரியோர்களே! வளைகாப்பில் வாழ்த்தும் நம் வாய், இத்தாயையும் வாழ்த்தட்டும்.