கொச்சைச் சொல்லும் ஆசிரியர் கோபமும்



நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், என் வகுப்பில் ஒரு மாணவன் ஆங்கிலக் கவிதை ஒன்றை நன்றாக ஒப்பித்தான். அவன் அமர்ந்ததும் அருகிலிருந்தவன் ‘சிக்’ என்றான். நோயுற்றது என்பதன்றோ நாம் கற்ற பொருள்? நண்பனை இழித்துரைத்தான் என்று கருதி, அனைவர் முன்னிலையிலும் அவனைக் கடிந்துகொண்டேன். அவன் மறுமொழி கூறவில்லை. அவ்வாண்டு முழுவதும் என் வகுப்பில் வாய் திறக்கவுமில்லை. 1980களிலேயே அமெரிக்க இளைஞர் பேச்சில் அச்சொல் ‘மிகச் சிறப்பு’ எனப் பொருள்படத் தொடங்கிவிட்டது என்பதைக் காலங்கடந்தே அறிந்தேன். பாராட்டியவனை அல்லவா தண்டித்துவிட்டேன்!

கொச்சைச் சொல் கேட்டுச் சினந்தவன் நான் ஒருவன் மட்டும் அல்லன். ‘கலிவரின் பயணங்கள்’ இயற்றிய ஜானதன் ஸ்விஃப்ட், 1710-இல் ‘மாப்’ என்னும் சொல்லைக் கண்டித்து எழுதினார். நிலையற்ற கூட்டம் எனப் பொருள்படும் இலத்தீன் தொடரின் குறுக்கம் அது. அதைத் தடுக்கச் சில ஆண்டுகள் முயன்றும் பலருடைய வழக்கின் முன் தோற்றதாக அவரே ஒப்புக்கொண்டார். இன்று அச்சொல் அகராதிகளில் மதிப்போடு வீற்றிருக்கிறது.

‘ஓ.கே.’ என்பதன் கதையும் இத்தகையதே. ‘எல்லாம் சரி’ என்னும் ஆங்கிலத் தொடரை வேண்டுமென்றே பிழைபட எழுதி, அதன் முதலெழுத்துகளை மட்டும் நிறுத்தி, 1839 மார்ச் 23-இல் பாஸ்டன் நாளிதழ் ஒன்று வேடிக்கை செய்தது. மறு ஆண்டுத் தேர்தலில், கிண்டர்ஹுக் ஊரினரான வான் பியூரனின் பட்டப்பெயர்ச் சுருக்கமும் அதுவாகவே அமைய, சொல் பரவியது. ஆலன் வாக்கர் ரீட் என்னும் அறிஞர் 1960களில் இவ்வரலாற்றைத் துலக்கினார்.

நாம் நல்லது என்று பொருள்கொள்ளும் ‘நைஸ்’ என்பதும், அறியாதவன் என்னும் இலத்தீன் வேரிலிருந்து வந்து, முதலில் மூடன் என்றே பொருள்பட்டது.

ஆயின், எச்சொல்லையும் எங்கும் வழங்கலாமோ? கூடாது. வேலைக்கு விண்ணப்பிப்பவன் விளையாட்டுத் திடலின் மொழியில் எழுதினால் இழப்பு அவனுக்கே. இடமறிந்து பேசக் கற்பிப்பது ஆசிரியர் கடமை. ஆனால் கற்பிக்குமுன், “தம்பி, இச்சொல்லை எப்பொருளில் கூறினாய்?” என்று கேட்பதும் அவர் கடமையே. நான் கேட்கவில்லை. உண்மை விளங்கியபோது அம்மாணவன் பள்ளியை விட்டுச் சென்றிருந்தான். எங்கிருந்தேனும் இப்பேச்சை அவன் கேட்பானாயின், அன்று அவன் சொன்னது சரியே என்பதை இன்று அனைவர் முன்னிலையிலும் கூறிக்கொள்கிறேன்.