பேசாத பெண்ணும் இசையில்லாப் படமும்
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கவிதை கேட்கக் கூடிய அவையில் திரைப்படம் பற்றிப் பேசுவது சிலருக்கு உவப்பாக இராது. ஆயினும் புதுக்கோட்டைச் சீமைக்காரர்களாகிய நமக்கு அந்தத் தயக்கம் வேண்டியதில்லை. பாடியே புகழ் பெற்ற பி. யு. சின்னப்பா இம்மண்ணில் பிறந்தவர். 1942இல் வெளிவந்த 'கண்ணகி'யில் அவர் கோவலன். கண்ணகியாக வந்தவர் பி. கண்ணாம்பா. இளங்கோவன் எழுதிய வசனத்தைக் கண்ணாம்பா பாண்டியன் அவையில் முழங்கியதை மூத்தோர் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

அந்த மதுரைச் சீமையில் நிகழும் இன்னொரு பெண்ணின் கதைதான் பி. எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'. இதில் மீனா ஏறத்தாழப் பேசுவதே இல்லை. வேறு சாதி இளைஞனை விரும்பியவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவுகட்டி, முறைமாப்பிள்ளை பாண்டியும் உறவினரும் ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கொண்டுபோகிறார்கள். கதை அவ்வளவே. பின்னணி இசை அறவே இல்லை. ஆட்டோவின் இரைச்சலும் கட்டுண்ட சேவலின் படபடப்பும்தான். வழியில் ஒலிபெருக்கியில் வரும் பாட்டு ஒன்றை மீனாவின் உதடுகள் முணுமுணுக்கின்றன. அதைக் கண்ட பாண்டி வெறிகொண்டு அவளை அடிக்கிறான். உடன் வந்த பெண்களையும் அடிக்கிறான். பாட்டெழுதும் நண்பர்கள் இக்காட்சியை அவசியம் காண வேண்டும். அவள் மனம் தன் கைக்குள் இல்லை என்பது அந்த முணுமுணுப்பில்தான் அவனுக்குத் தெரிகிறது.

வழிமறித்த காளையின் முன் ஆண்கள் திகைத்து நிற்க, ஒரு சிறுமி வந்து அதை அழைத்துப்போகிறாள். இவ்விடத்தில் மட்டும் இயக்குநர் குறியீட்டைச் சற்று அழுத்திவிட்டார் என்பது என் எண்ணம். முடிவு சொல்லாமல் விட்டுவிட்டார்களே என்று உடன் பார்த்த நண்பர் குறைப்பட்டார். சாமியாடி மற்றொரு பெண்ணை நடத்தும் விதத்தைக் கண்டு பாண்டி தயங்குகிறானே, அதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்?

அதே 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியானது மாரி செல்வராஜின் 'வாழை'. தார் சுமக்கும் சிறுவனின் கழுத்து வலி நம் கழுத்திலும் ஏறுகிறது. ஆனால் இறுதியில் இசை நம்மை அழவைத்தே தீர்வது என்று நிற்கிறது. அக்கா பிணமாகிவிட்ட வேளையிலும் பசி தாளாமல் சிறுவன் சோற்றில் கைவைக்கும் காட்சிக்கு எந்தத் துணையும் தேவைப்படவில்லை.

நம் கவியரங்குகளில் கண்ணகி பலமுறை வந்து போயிருக்கிறாள். மீனா இன்னும் வரவில்லை. அடுத்த கவியரங்கிற்குப் 'பேசாதவள்' என்று தலைப்பிடுமாறும், முதலில் பெண் கவிஞர்களை அழைக்குமாறும் செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.