நாலிந்திரிய உயிரின் முன் ஒளிப்படக் கருவி
(தசலட்சணப் பெருவிழாவில் நிகழ்த்திய உரை)



சிலந்திகளை மிக நெருங்கிப் படம்பிடிப்பதில் நம் இளைஞர் சிலர் ஈடுபட்டுள்ளனர். அருகன் நெறியினர்க்கு இது தகுமா என்று முதியோர் வினவுகின்றனர். எடுக்கும் முறை தக்கதாயின் தகும் என்பதே என் கருத்து.

நம் ஆகமங்கள் சிலந்தியை நாலிந்திரிய உயிராக வகுத்தன. மெய், நா, மூக்கு, கண் உண்டு, செவி இல்லை. குதிக்கும் சிலந்தியை மேக்ரோ லென்ஸ் வழியே நோக்கினால் கண் என்னும் பொறியின் அருமை விளங்கும். அதற்குக் கண்கள் எட்டு. முன்னுள்ள பெரிய இரு கண்களின் விழித்திரை உள்ளேயே அசைவதால், தலையைத் திருப்பாமலே அது நம்மை ஆராய்கிறது. செவியின்றியும் அது ஒலியை அறியும். கால் மயிர்களால் உணர்கிறது என்று 2016இல் அமெரிக்கக் கார்னெல் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்தனர். மெய்ப்பொறியே செவியின் பணியையும் ஆற்றுகிறது எனக் கொண்டால் பழைய வகைப்பாட்டிற்கு இழுக்கில்லை.

இடர் எங்கே எனில், இத்துணை நெருக்கத்தில் படத்தில் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே. சிலந்தி சிறிது அசைந்தாலும் படம் மங்கிவிடும். அதனை அசையாதிருக்கச் செய்யக் குளிர்பெட்டியில் வைத்து விறைக்க விடுவோர் உளர். கொன்று ஊசியில் குத்தி எடுப்போரும் உளர். இயங்குயிர்க்கு அறிந்தே செய்யும் இத்துன்பம் சங்கல்ப ஹிம்சை, இல்லறத்தார்க்கும் விலக்கப்பட்டது. ‘சாகவில்லையே, சற்று நேரத்தில் நடந்துவிடுமே’ என்னும் வாதத்தை நான் ஏற்பதில்லை.

அறியாமல் நேர்வது பிரமாதம், அதாவது கவனச் சோர்வு. வட்டவலைச் சிலந்திகள் பல தம் பழைய வலையை உண்டே புதிய இழைக்குரிய புரதத்தை மீட்கின்றன. நம் கருவி பட்டு அறுந்த வலை அவற்றிற்கு இழந்த உணவு. ஓநாய்ச் சிலந்தித் தாய் முட்டைப் பையைத் தன் பின்புறத்தில் ஒட்டிச் சுமக்கும். பொரித்த குஞ்சுகள் அதன் முதுகிலேறி வாழும். மிரட்டி ஓடவைத்தால் குஞ்சுகள் உதிர்ந்து சிதறும். பொருளை எடுக்கையிலும் வைக்கையிலும் முனிவர் மயிற்பீலியால் இடத்தைத் துடைத்துக் காப்பது ஆதான நிக்ஷேபண சமிதி. கருவியின் மூன்றுகால் தாங்கியை ஊன்றுமுன் நிலத்தை நோக்குவதும் அதன் சிறு பகுதியே.

எந்த லென்ஸ் வாங்கலாம் என்பர் இளைஞர். குவியத்தொலைவு 100 மில்லிமீட்டர் உள்ளது நன்று. உயிரிலிருந்து ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் விலகி நிற்கலாம். கைபேசியில் மாட்டும் சிறு கண்ணாடிகளோ முகத்தருகே செல்லவைத்து அதனை வெருட்டும். விடியற்குளிரில் சிலந்தி தானே அசைவற்றிருக்கும், குளிர்பெட்டி எதற்கு?

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் வீட்டு மூலைகளில் வாழும் நெடுங்கால் சிலந்தி, முட்டைகளை மெல்லிழையால் கட்டி, பொரியும்வரை வாயிலேயே கவ்வியிருக்கும். ஒட்டடைக்கோலை எடுக்குமுன் கைவிளக்கால் ஒருமுறை பாருங்கள். கண்டால், வீட்டுப் பிள்ளையை அழைத்துப் படமெடுக்கச் சொல்லுங்கள். அப்படங்களுக்கு அடுத்த மலரில் இடமளிக்குமாறு அறக்கட்டளையாரைக் கேட்டுக்கொள்கிறேன்.