பின்னற் கூடையும் கேளாதவர் பங்கும்



கல்முனைக் கரையோரத்து வீடொன்றை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். ளுஹர்த் தொழுகை முடிந்து, பகலுணவும் ஆகி, அடுப்பு அணைந்துவிட்டது. கடற்காற்று எழுந்து முற்றத்துத் தென்னோலைகளை அசைக்கின்றது. வீட்டுக்காரி விறாந்தையில் வந்து அமர்ந்து, ஒரு கூடையைத் தன் அருகே இழுத்துக்கொள்கிறாள். கூடைக்குள்ளே நான்கு வேலைகள் கிடக்கின்றன. ஒன்று, நோன்புப் பெருநாளுக்கு மகன் அணிவதற்கென்று தொடங்கிய வெள்ளைத் தொப்பி. இரண்டாவது, அடுத்த தெருவிலே கலியாண வீட்டார் கூலி பேசிக் கொடுத்த மேசைவிரிப்பு. மூன்றாவது, தன் வீட்டு நாற்காலிகளுக்கென்று ஆசையோடு ஆரம்பித்த உறை. நான்காவது, ஏழைத் தாய்மாரின் பச்சிளங் குழந்தைகளுக்குக் கொடுப்பதாக நிய்யத்து வைத்துத் தொடங்கிய சின்னஞ்சிறு தொப்பி. இந்த நான்காவது வேலை கூடையின் அடியிலே கிடக்கிறது. ஐந்து சுற்றோடு நின்றுபோய்ப் பல நாளாயிற்று.

ஊசிவேலையிற் பழகிய பெண்கள் உள்ள வீடுகளில் இத்தகைய கூடை அருமையானதன்று. கம்பளி நூலை இரண்டு நீண்ட ஊசிகளாற் பின்னுவோரிடத்தும், குரோசே என்று வழங்கும் கொக்கியூசிப் பின்னல் செய்வோரிடத்தும் இவ்வழக்கம் ஒன்றே. ஒன்றை முடிக்குமுன் மற்றொன்றைத் தொடங்குவர். அதனை முடிக்குமுன் வேறொன்று கைக்கு வரும். இதனைக் குறையென்று கடிந்துகொள்வாரும் உளர்; பொறுமையின் அடையாளமென்று பாராட்டுவாரும் உளர். இரண்டும் முழு உண்மையல்ல.

இவ்வூர்ப் பக்கத்திலே தொன்றுதொட்டு நடைபெறும் வேறு இரண்டு கைத்தொழில்களை நோக்கினால் இது தெளிவாகும். கல்முனைக்கு வடக்கே மருதமுனை இருக்கின்றது. கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்து, வெளிநாட்டுத் துணிகள் தாராளமாக இறங்கியபின் தறிகள் பல ஓய்ந்தன. எனினும் அவ்வூரின் பெயரைக் கேட்டவுடன் சாரமும் சேலையுமே இன்றும் நினைவுக்கு வருகின்றன. தறியிலே பாவு ஏற்றிவிட்டால் அதனை நெய்து முடித்தாலன்றி வேறொரு பாவை அத்தறியில் ஏற்ற இயலாது. நெசவாளனின் மனம் அலைந்தாலும் தறி அலையாது. இனி, பாய் இழைப்பதைப் பாருங்கள். பன்னில் ஈரப்பதம் இருக்கும்போதே அதனை இழைத்தல் வேண்டும், உலர்ந்துவிட்டால் முறியும். ஆகவே, பாய் இழைப்பவள் அதனை மாதக் கணக்கிற் போட்டுவைக்க விரும்பமாட்டாள். அந்தப் பொருளே அவளை விரைவுபடுத்தும்.

கொக்கியூசிக்கோ இத்தகைய காவல் எதுவும் இல்லை. ஓர் ஊசி, ஒரு பந்து நூல், ஒரு சிறு பை, இவ்வளவே முதல். எந்த இடத்திலும் நிறுத்தலாம், எத்தனையையும் தொடங்கலாம். நிறுத்திய வேலை வாடுவதுமில்லை, முறிவதுமில்லை. எனவே, தறி நெசவாளனுக்குச் செய்யும் காவலைப் பின்னுகின்றவள் தனக்குத் தானே செய்துகொள்ளல் வேண்டும். இத்தொழிலின் அருமையும் அதுவே, ஆபத்தும் அதுவே.

பல வேலைகளை ஒருங்கே வைத்திருப்பதிலே நியாயம் இல்லாமலில்லை. மெல்லிய நூலிற் செய்யும் பூவேலைக்குப் பகல் வெளிச்சம் வேண்டும். கண் கூர்மையாயிருத்தல் வேண்டும். இரவிலே, விளக்கடியில், பிள்ளைகளுடன் பேசிக்கொண்டு செய்வதற்குத் தடித்த நூலும் எளிய பின்னலுமே ஏற்றவை. ஒரே அசைவை நெடுநேரம் திரும்பத் திரும்பச் செய்தால் மணிக்கட்டு நோவும்; வேலையை மாற்றினால் கைக்கு ஆறுதல் உண்டு. வைத்தியசாலையிலே முறை வரும்வரை காத்திருக்கும்போது, பெரிய மேசைவிரிப்பை மடிமீது பரப்ப முடியாது. சிறு தொப்பியை எடுத்துப் பின்னலாம். எனவே, பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று, வழிக்கு ஒன்று என மூன்று வேலைகள் வைத்திருப்பது ஒழுங்கீனமன்று. நேரத்தைப் பயன்செய்யும் வழியேயாகும். நான்காவதும் ஐந்தாவதும் வந்து சேரும்போதுதான் கேள்வி பிறக்கின்றது.

அக்கேள்வி யாது? எதனை முதலில் முடிப்பது என்பதே.

கூலிக்கு எடுத்த மேசைவிரிப்புக்கு உரியவர் கலியாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போதே ஆளனுப்பிக் கேட்பார். பெருநாட் பிறை காணும் நாள் நெருங்கும்போது மகன், “உம்மா, என் தொப்பி எங்கே?” என்று கேட்பான். நாற்காலி உறையையோ அவளுடைய ஆசையே நினைவூட்டும். விருந்தினர் வந்து அமரும்போதெல்லாம் அவள் கண் அந்த வெறும் நாற்காலியிற் சென்று பதியும். ஆனால், அந்த நான்காவது தொப்பியைக் கேட்டு வருபவர் யார்? அதனை அணியவேண்டிய குழந்தை இன்னும் பிறக்காமலே இருக்கலாம். அதன் தாய் இவளை அறியாள். இப்படியொரு தொப்பி ஓர் இல்லத்திற் பாதியாய்க் கிடக்கிறது என்பதையும் அறியாள். கேட்க வாயில்லாதவருக்குரிய வேலையே எப்பொழுதும் கூடையின் அடிக்குப் போகின்றது. இது கல்நெஞ்சத்தால் விளைவதன்று. கேட்பவர் குரலுக்குச் செவிசாய்க்கும் மனித இயல்பினால் விளைவது. அதனாலேயே இதில் எச்சரிக்கை வேண்டும்.

தருமத்துக்கென எடுத்த வேலை எப்பொழுது முடிந்தாலும் நன்மைதானே என்று சிலர் எண்ணுவர். குழந்தையின் தலை அவ்வாறு காத்திருப்பதில்லை. நிறைமாதத்திற் பிறந்த குழந்தையின் தலைச்சுற்றளவு ஏறக்குறைய 34 சென்டிமீட்டர். ஆறு மாதம் ஆகும்போது அது 42 அல்லது 43 சென்டிமீட்டராக வளர்ந்துவிடும். பிறந்த வாரத்துக்கென அளவெடுத்த தொப்பியை ஆறு மாதம் கழித்துக் கொடுத்தால் அது அந்தக் குழந்தைக்குப் பொம்மைத் தொப்பியாகவே அமையும்.

வெப்பம் மிகுந்த இக்கரையோரத்தில் குழந்தைக்குத் தொப்பி எதற்கு என்று கேட்போரும் இருக்கலாம். பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் ஏறக்குறையக் காற்பங்கு தலையே. ஈரந்துவட்டியபின் அத்தலை மூடப்படாவிட்டால் உடற்சூடு விரைவிற் குறையும். குறைமாதத்திலும் குறைந்த நிறையிலும் பிறந்த குழந்தைக்கு இது உயிர்ப் பிரச்சினையாகும். 1978ஆம் ஆண்டளவில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரிலே, சூட்டுப்பெட்டிகள் போதாத நிலையில், வைத்தியர்கள் சிறு குழந்தைகளைத் தாயின் மார்போடு தோலுடன் தோல் படுமாறு அணைத்துவைக்கும் முறையைக் கைக்கொண்டனர். கங்காரு முறை என்று உலகெங்கும் பரவிய அந்தப் பராமரிப்பிலே குழந்தையின் உடுப்பு மிகச் சிறிது. ஆயினும் தலைத் தொப்பி அதில் ஒன்று. கரையோரத்துக்கு மென்மையான பருத்தி நூலே பொருத்தம். ஏறக்குறைய 6,000 அடி உயரத்திலுள்ள நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களுக்கு அனுப்புவதாயின் கம்பளி பயன்படும். தொப்பியில் நாடா, பொத்தான், மணி முதலியன வேண்டா. குழந்தையின் விரல் நுழையத்தக்க பெருந்துளைகளும் வேண்டா. பின்னத் தொடங்குமுன், கொடுக்கக் கருதிய இடத்தில் அவற்றை ஏற்பார்களா, என்ன அளவு வேண்டும் என்று விசாரித்துக்கொள்வது அறிவுடைமை.

இவ்விடத்திலே மற்றொரு செய்தியையும் நினைத்தல் தகும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி எழுந்த கடற்கோள் அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது முதலிய ஊர்களின் கடலோரத் தெருக்கள் அழிந்தன. அந்நாளில் உலகின் பல பாகங்களிலிருந்தும் உதவி வந்தது. ஆயினும், அதே கடற்கோளுக்கு இலக்கான தமிழ்நாட்டுக் கரையிலே, தானமாக வந்த பழந்துணிகள் எடுப்பாரின்றி வீதியோரங்களிற் குவிந்து கிடந்ததையும் உலகம் கண்டது. அனைத்தையும் இழந்தவரும் மானத்தை இழக்கவில்லை என்பதற்கு அத்துணிக் குவியலே சாட்சி. ஆகவே, தருமத்துக்குரிய பின்னலை எஞ்சிய நூற்றுண்டுகளாலும் எஞ்சிய நேரத்தாலும் செய்து முடிக்கலாம் என்று எண்ணுதல் கூடாது. தன் பேரக்குழந்தையின் தலையில் அணிவிக்கத் துணியாத தொப்பியைப் பிறர் குழந்தைக்குக் கொடுத்தல் ஸதகா ஆகாது. வீட்டைத் துப்புரவு செய்ததாகவே ஆகும்.

அப்படியானால், கூலிவேலையை ஒதுக்கிவிட்டுத் தருமவேலையைச் செய்யவேண்டுமா? வேண்டியதில்லை. ஊசியினாலே உலைவைக்கும் பெண்கள் பலர் உளர். கூலி பேசிய வேலையைக் குறித்த நாளிற் கொடுப்பது கடமை. அந்தக் கூலியை நம்பியிருக்கும் பிள்ளைகளின் பசியும் ஒரு கேள்விதான். செய்யவேண்டியது இதுவே: கூலிவேலைக்கு ஒரு திகதி இருப்பதுபோல் தருமவேலைக்கும் ஒரு திகதி குறித்துக்கொள்ள வேண்டும். தன் ஆசைக்கெனத் தொடங்கிய நாற்காலி உறைதான் பொறுத்திருக்கத் தக்கது. மேலும், பத்துத் தொப்பி தருவதாக வாக்களித்து மூன்றில் நின்றுவிடுவதிலும், இரண்டு என்று சொல்லி இரண்டையும் முடித்துக் கொடுப்பது மேலானது.

கூடையை ஒழுங்காக வைத்திருக்கச் சில எளிய வழிகள் உண்டு. ஒவ்வொரு வேலையையும் தனித்தனித் துணிப்பையில் இட்டு, அதனுடன் ஒரு காகிதத் துண்டை வைத்தல் நலம். யாருக்கு, எந்த நாளுக்கு, எத்தனையாம் இலக்க ஊசி, எத்தனையாவது சுற்றில் நின்றது என்னும் நான்கு விவரங்களும் அதிலே இருக்கட்டும். வரிசையின் நடுவில் நிறுத்தாமல், வரிசை முடிவிலேயே நிறுத்துதல் வேண்டும். தொப்பி நடுவிலிருந்து வட்டமாக விரிந்து, பின்னர் கண்ணிகள் கூடாமற் பக்கமாக இறங்குவது. எந்தச் சுற்றில் நின்றோம் என்பது மறந்துபோனால் பிரித்தெண்ணுவதிலேயே ஒரு மாலை கழிந்துவிடும். ஒரு வேலையைத் தொடங்கிய ஊசியினாலேயே அதனை முடித்தல் வேண்டும். ஊசி மாறினால் பின்னலின் இறுக்கமும் மாறும். வேண்டிய நூல் முழுவதையும் ஒரேயடியாக வாங்கிவிடுவது நன்று. வெவ்வேறு முறை சாயமேற்றிய நூல்கள் ஒரே நிறப்பெயரைக் கொண்டிருந்தாலும் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு தெரியும். உப்புக்காற்று வீசும் ஊர்களிலே இரும்பூசியை வெள்ளை நூலிற் கோத்தபடி மாதக் கணக்கில் விட்டால் துருக்கறை படியும். அக்கறை எளிதிற் போகாது. ஊசியைத் துடைத்துத் தனியே வைத்து, கடைசிக் கண்ணியை ஊக்கொன்றினாற் பிடித்துவைத்தல் தகும்.

ஒருத்தியால் முடிக்க இயலாதது பலராற் கூடும். அயர்லாந்திலே 1845இல் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்றுப் பெரும்பஞ்சம் தொடங்கியபோது, அந்நாட்டு ஏழைக் குடும்பங்கள் பலவற்றுக்குக் கொக்கியூசிப் பின்னல் சோறளித்தது. 1847இல் குளோன்ஸ் என்னும் ஊரில் பாதிரியார் ஒருவரின் மனைவியான கசாண்ட்ரா ஹாண்ட் அம்மையார் இத்தொழிலை ஊர்ப்பெண்களுக்குக் கற்பிக்க வழிசெய்தார். அங்கே ஒரு வீட்டார் ரோசாப்பூ மாத்திரம் பின்னுவர். மற்றொரு வீட்டார் இலை மாத்திரம் பின்னுவர். வேறொருத்தி அவற்றையெல்லாம் இணைத்துக் கழுத்துப்பட்டியாகவோ மேலாடையாகவோ ஆக்குவாள். முதலாம் உலகப்போரின்போது, 1917இல், அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் காலுறைக்கும் கையுறைக்கும் ஒரே அளவுத் திட்டங்களை அச்சிட்டு வழங்கியது. ஆர்வம் ஆளுக்கொரு விதமாக இருந்தாலும், போர்வீரனின் பாதத்துக்குக் காலுறை பொருந்தவேண்டும் அன்றோ!

இந்த முறை இவ்வூர்களுக்கும் ஏற்றது. ஒரு தெருவிலுள்ள எட்டுப் பெண்கள் ஒரே நூல், ஒரே ஊசி, ஒரே அளவு என்று தீர்மானித்து, ஆளுக்கு மாதம் மூன்று சதுரங்கள் பின்னினால் மாதமுடிவில் இருபத்துநான்கு சதுரங்கள் சேரும். அவற்றை ஆறுக்கு நான்காக வைத்து இணைத்தால் ஒரு குழந்தைக்குரிய போர்வை உருவாகும். மூன்று சதுரங்களை முடிக்கமாட்டாத பெண் அரியள். அதற்கும் மேலாக, இங்கே கேட்பதற்கு ஆள் இருக்கின்றார். “ராத்தா, உங்கள் சதுரம் எங்கே?” என்று அடுத்த வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் எட்டிக் கேட்பாள். கேளாதவருக்காகக் கேட்கும் ஒரு குரல் பிறந்துவிடுகின்றது.

திருக்குர்ஆனிலே அந்நஹ்ல் என்னும் 16ஆம் அத்தியாயத்தில், நூலை உறுதியாக நூற்றபின் தானே அதனைப் பிரித்துச் சிதைத்த ஒரு பெண் உவமையாக வருகின்றாள். செய்த சத்தியத்தை முறித்துவிடுவோரை எச்சரிக்கும் உவமை அது. நூலோடு பழகும் கைகளுக்கு அவ்வுவமை மிக அண்மையானது. பாதியில் விட்ட தொப்பி பிரிக்கப்படவில்லைதான்; ஆயினும், காலம் கடந்துவிட்டால் பிரித்ததற்கும் அதற்கும் வேறுபாடு சிறிதே. கொடுப்பதாக மனத்தில் எண்ணிய பொருள் அந்த நாள்முதல் ஓர் அமானிதம் ஆகின்றது. உரியவர் வந்து கேளாவிட்டாலும் அது அவருடையதே.

இன்று மாலை உங்கள் பின்னற் கூடையை ஒருமுறை பாயிலே கவிழ்த்துப் பாருங்கள். அடியிற் கிடந்தது மேலே வரும். அது எவருடையதென்று பார்த்து, ஒரு காகிதத் துண்டில் ஒரு நாளைக் குறித்து அதனோடு வையுங்கள். ஐந்து சுற்றோடு நின்ற தொப்பிக்கு இன்னும் வேண்டியது இரண்டு மாலைப் பொழுதே.