கோழிக்கு வேலி: சிறு காசை எங்கே போடுவது?



கோழி வளர்ப்பைச் சிறு விஷயம் என்று நினைப்பவர்கள் உண்டு. நம் வீடுகளில் அது சிறு விஷயமல்ல. வேலை இல்லாத நாளில் உப்பும் புளியும் வாங்குவது முட்டைக் காசுதான். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் சேவலை விற்று டாக்டரிடம் போகிறோம். கூலிக் காசு கடைப் பாக்கிக்கும் கடனுக்கும் போய்விடுகிறது. கோழிக் காசு மட்டும் வீட்டுப் பெண்ணின் முந்தானையில் நிற்கிறது. ஆறு மாதம் பாடுபட்டு வளர்த்த பத்துக் கோழிகளை ஒரே இரவில் பறிகொடுத்த வீடுகள் நம்மிடையே எத்தனை! "தலைவிதி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அடை வைக்கிறோம். இது தலைவிதி அல்ல. தடுக்கக்கூடிய நஷ்டம்.

வசதி உள்ளவர் தோட்டம் முழுவதும் கம்பி வலை அடித்துவிடுவார். நம்மால் அது ஆகாது. ஆகவே, கையில் இருக்கும் கொஞ்சக் காசை எந்த இடத்தில் போட்டால் கோழி பிழைக்கும் என்பதுதான் நம் முன்னே உள்ள கேள்வி.

எதிரிகள் யார்?

முதலில் எதிரியைத் தெரிந்துகொள்ள வேண்டும். பகலில் வருபவை வேறு, இரவில் வருபவை வேறு. கீரிப்பிள்ளை பகலில் வரும். பருந்தும் வல்லூறும் காகமும் பகலில்தான் குஞ்சு தூக்கும். காட்டுப்பூனை, மரநாய், நரி, பெருச்சாளி, எலி ஆகியவை பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகு கிளம்புகின்றன. தெருநாய்க்கு இரவும் இல்லை, பகலும் இல்லை.

ஒவ்வொன்றும் வரும் வழியும் வேறு. நாயும் நரியும் வேலியின் அடியைத் தோண்டும். மரநாயும் பூனையும் மேலே ஏறி இறங்கும். கீரியும் எலியும் சந்து தேடும். இரண்டு மூன்று விரல் சேர்ந்து நுழைகிற சந்து கீரிக்கு வாசல்; பெருவிரல் நுழைகிற சந்து எலிக்கு வாசல். நாம் கட்டும் வேலி எவ்வளவு உயரம் என்பதைவிட, அதில் எத்தனை சந்து இருக்கிறது என்பதே முக்கியம்.

எந்த வலை?

கடையில் "கோழி வலை" என்று அறுகோணக் கண் வைத்து மெல்லிய கம்பியில் பின்னிய வலை விற்கிறார்கள். விலை குறைவு. ஆனால் அது கோழி வெளியே போகாமல் தடுக்குமே தவிர, நாய் உள்ளே வராமல் தடுக்காது. நாய் அதைப் பல்லால் இழுத்துக் கிழித்துவிடும். கண் பெரிதாக இருந்தால் வெளியிலிருந்தே கையை விட்டுக் குஞ்சைப் பிடிக்கும் பிராணிகளும் உண்டு. கம்பிகளைக் குறுக்கும் நெடுக்கும் வைத்துப் பற்றவைத்த, அரை அங்குலச் சதுரக் கண் உள்ள வெல்டு மெஷ் வலைதான் நம்பத் தகுந்தது. துத்தநாகப் பூச்சு உள்ளதாகப் பார்த்து வாங்கினால் சீக்கிரம் துருப்பிடிக்காது.

விலை கூடுதலாயிற்றே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கணக்குப் பார்ப்போம்.

20 அடி நீளம், 10 அடி அகலம் உள்ள முற்றத்தைச் சுற்றி 6 அடி உயரத்துக்கு வலை அடிக்க வேண்டுமானால், சுற்றளவு 60 அடி. 3 அடி அகல வலையில் இரண்டு வரிசை, அதாவது 120 அடி வேண்டும். அப்படியும் மேலே திறந்தே கிடக்கும். அதற்குப் பதிலாக, பத்துக் கோழி இரவில் அடையும்படி 4 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி உயரத்தில் ஒரு கூடு கட்டினால், நான்கு பக்கத்துக்கும் 14 அடி, தரைக்கு 4 அடி, மேலுக்கு 4 அடி. ஆக 22 அடி வலையில் ஆறு பக்கமும் அடைபட்டுவிடும். ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான செலவு! உறுதியான வலை இரவுக் கூட்டுக்கு. பகல் வேலிக்கு ஊரில் கிடைக்கும் முள்ளும் மட்டையும். இதுதான் நாம் சொல்லும் யோசனை.

கூடு கட்டும் விதம்

கூட்டைத் தரையில் வைக்க வேண்டாம். நான்கு கால் நட்டு 2 அடி உயரத்தில் நிறுத்துங்கள். தோண்டுகிற பிராணிக்கு அங்கே வேலை இல்லை. எலி ஏறாமல் இருக்கத் தென்னை மரத்தில் தகரம் கட்டுகிறோம் அல்லவா? அதே போலப் பழைய எண்ணெய் டின்னை வெட்டி ஒவ்வொரு காலிலும் சுற்றிக் கட்டுங்கள். வலையை வெறும் ஆணியில் மாட்டினால் பிய்ந்து வரும். யு ஆணி அடித்து, ஓரத்தின் மேல் ரீப்பர் கட்டை வைத்து இறுக்க வேண்டும். மேல் வலையின் மீது தகரமோ பனையோலையோ போட்டால் மழைக்கு ஆகும். தரை வலையில் தங்கும் எச்சத்தைத் தினம் சுரண்டிவிட வேண்டும். அது எருவுக்கும் உதவும்.

கதவுதான் பலவீனமான இடம். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையக் கூடாது. கயிற்றால் கட்டி வைப்பது காவலாகாது. தாழ்ப்பாளும் போட்டு, அது நகராதபடி ஒரு கம்பியும் கோத்துவிடுங்கள்.

பகல் வேலி

கொங்கு நாட்டில் கிளுவைப் போத்துகளை நெருக்கமாக நட்டு உயிர்வேலி ஆக்குகிறார்கள். அது செலவில்லாத வேலி. கிளுவை இல்லாத இடத்தில் சீமைக்கருவேல முள்ளும் பனைமட்டைப் படலும் இருக்கின்றன. இவற்றின் அடியில்தான் ஓட்டை இருக்கும். அங்கே உடைந்த செங்கல்லையும் கருங்கல்லையும் வேலிக்கு வெளியே ஓர் அடி அகலத்துக்குத் தரையோடு தரையாகப் பதித்து வையுங்கள். தோண்டும் பிராணி வேலியின் ஓரத்தில்தான் தோண்டத் தொடங்கும். கல் தட்டுப்பட்டால் பெரும்பாலும் விட்டுவிட்டுப் போகும்.

வானத்துக் கள்வனுக்குப் பந்தல் நல்லது. சுரையும் பீர்க்கும் அவரையும் படரவிட்டால் பருந்தின் கண்ணுக்குக் குஞ்சு தெரியாது; கோழிக்கு நிழல், நமக்குக் காய். மீன் வலை கட்டுவதானால் தடித்த நூல் வலையாகப் பார்த்து இழுத்துக் கட்டுங்கள். மெல்லிய நரம்பு வலையில் பாம்பும் பறவையும் சிக்கி வீணாகச் சாகும். சின்னக் குஞ்சுகளுக்குப் பகலில் கீரி பயம் உண்டு. முதல் சில வாரம் தாயோடு பஞ்சாரத்தில் கவிழ்த்து, மேலே கல் ஏற்றி வைப்பதே பத்திரம்.

செய்யக் கூடாதவை

கோபத்தில் சிலர் இறைச்சியில் விஷம் கலந்து வைக்கிறார்கள். அதைத் தின்பது நரி மட்டுமல்ல. நம் நாயும் கோழியும் தின்னும். குழந்தை கை வைத்தால் என்ன ஆகும்? வேலியில் மின்சாரக் கம்பியை இழுத்துவிடுவது அதைவிடக் கொடுமை. இருட்டில் மாடு தேடிப் போன மனிதர்கள் அப்படிப்பட்ட வேலியில் மாண்டிருக்கிறார்கள். செத்தவரும் ஏழை, சிறைக்குப் போனவரும் ஏழை! கீரியையும் நரியையும் கொல்வது 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மேலும், வயலில் எலியைத் தின்று நெல்லைக் காப்பதில் கீரிக்கும் சாரைப்பாம்புக்கும் பங்கு உண்டு. அவற்றைக் கொல்ல வேண்டாம். கூட்டுக்குள் விடாமல் இருந்தால் போதும்.

சேர்ந்து செய்வோம்

வலையை அடிக்கணக்கில் வெட்டி வாங்கினால் விலை கூடும். 50 அடிச் சுருளாக வாங்கினால் குறையும். ஒரு சுருளில் இரண்டு கூடு கட்டி, ஒட்டுப் போட 6 அடி மிஞ்சும். எனவே இரண்டு வீடு சேர்ந்து ஒரு சுருள் வாங்குங்கள். யு ஆணி அடிக்கத் தெரிந்தவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு வீட்டுக்கு அடித்துக் கொடுக்கட்டும்.

இன்னொன்று. எவ்வளவு உறுதியான கூடும், சாயங்காலம் மூடாவிட்டால் வெறும் பெட்டிதான். நம்மில் ஒருவர் இரண்டாவது ஷிப்டில் இருப்பார், இன்னொருவர் நடவிலிருந்து இருட்டிய பிறகு வருவார். கோழி அடைகிற நேரத்தில் வீட்டில் ஆள் இருக்காது. ஆகவே, பக்கத்து வீட்டோடு முறை வைத்துக்கொள்ளுங்கள். இன்று அவர்கள் நம் கூட்டை எண்ணிப் பார்த்துத் தாழ் போடட்டும். நாளை நாம் அவர்கள் கூட்டைப் போடுவோம்.

புறக்கடைக் கோழி வளர்ப்புத் திட்டங்களில் அரசாங்கம் பெண்களுக்குக் குஞ்சு கொடுத்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் கூடில்லாத வீட்டில் குஞ்சு கொடுத்தால் அது யாருக்குப் போய்ச் சேரும்? குஞ்சோடு கூட்டுக்கான வலையும் வேண்டும் என்று கிராம சபையில் எழுந்து கேளுங்கள். கேட்பது நம் உரிமை. அது வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். இன்று மாலை வீட்டுக்குப் போனதும் கூட்டைச் சுற்றி வந்து, பெருவிரலை வைத்து ஒவ்வொரு சந்தாகப் பாருங்கள். விரல் நுழைகிற இடத்தை இன்றே அடையுங்கள்.