புல், நெல், பால்

(நம் சங்கத்தின் பொங்கல் கூடுகையில், வளாகத்தின் புல்வெளியைப் பராமரித்து வருபவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



செயலாளர் சார், "பத்து நிமிஷம் பேசுங்க, புல்வெளியைப் பத்தி ஏதாவது சொல்லுங்க" என்றார். புல்வெளியைப் பற்றி மட்டும் சொல்வதானால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். மீதி எட்டு நிமிடத்தில், உங்களில் பலர் என்னிடம் நேராகக் கேட்காமல் வாட்ச்மேனிடம் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறேன்: "ஐப்பசி வந்தா இந்த ஆளு எங்க காணாம போறாரு?"

நியாயமான கேள்விதான். மயிலாடுதுறையில் ஐப்பசி என்றால் காவேரி முழுக்கு. மாதக் கடைசியில் கடைமுழுக்குக்காக உங்கள் வீடுகளுக்கெல்லாம் விருந்தாளிகள் வருகிறார்கள். சரியாக அந்த வாரம் புல் கணுக்கால் உயரம் வளர்ந்து நின்றது. மூன்றாம் மாடி அம்மா என்னைப் பார்த்ததும், "ஏம்ப்பா, சம்பந்தி வீட்டுக்காரங்க வந்திருந்தாங்க, வாசலே காடு மாதிரி கிடந்துச்சு, நீ எங்கப்பா போன?" என்றார்கள். நான், "வயல்ல தண்ணி நின்னுடுச்சுங்கம்மா" என்றேன். அவர்களுக்கு அது பதிலாகத் தெரியவில்லை. அதைத்தான் இன்றைக்கு விளக்கப் போகிறேன்.

எனக்குத் தரங்கம்பாடி பக்கம். ஆறு மா நிலம் இருக்கிறது, அதாவது இரண்டு ஏக்கர். வீட்டில் இரண்டு கறவை மாடுகள். அது போக, உங்கள் வளாகத்தையும் சேர்த்து நான்கு இடங்களில் புல்வெளிப் பராமரிப்பு. புல், நெல், பால் என்று மூன்று வருமானம். கேட்பவர்கள், "பரவாயில்லையே, மூணு பக்கமும் வருது" என்பார்கள். மூன்று பக்கமும் வருவது உண்மை. ஆனால் மூன்றும் ஒரே நேரத்தில் வருவதில்லை. மூன்றும் ஒரே நேரத்தில் ஆளைக் கேட்கும்.

முதலில் பணம் வரும் விதத்தைச் சொல்கிறேன். பால் காசு கொஞ்சம் கொஞ்சமாக வரும். அதை என் மனைவி பார்த்துக்கொள்கிறார், அடுப்படிச் செலவு அதில் ஓடுகிறது. புல்வெளிப் பணம் மாதம் ஒருமுறை வரும். பிள்ளைகளின் படிப்பு, வண்டித் தவணை எல்லாம் அதில்தான். நெல் பணம் வருடத்தில் ஒரே ஒரு தடவை. எங்களுடையது கடைமடை. மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறந்தாலும் எங்கள் வாய்க்காலைத் தொடும்போது நாளாகிவிடும். கடலோரம் என்பதால் நிலத்தடி நீரும் உப்பு. அதனால் குறுவையை நம்ப முடியாது. ஆவணியில் சம்பா விதைத்து, தையில் அறுத்து, அரசு கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் வங்கிக்கு வரும்வரை ஆறு மாதம் கையை விட்டுப் போவது மட்டும்தான். உழவு, விதை, உரம், களை எடுக்கும் ஆள் கூலி.

நெல்லுக்கு விட்ட தண்ணீரில் புல்லும் பிழைக்கும் என்று சின்ன வகுப்பில் படித்திருப்பீர்கள். என் வீட்டில் அது தலைகீழ். புல்லில் வரும் பணத்தில்தான் நெல் பிழைக்கிறது. நான் புல்வெளி வேலைக்கு வந்ததற்கு முன்னால், புரட்டாசியில் உரம் வாங்க நகையை அடகு வைப்போம், மாசியில் மீட்போம். இப்போது அந்தப் பழக்கம் நின்றிருக்கிறது. ஆகவே உங்கள் புல்வெளியை நான் சின்ன வேலையாக நினைத்து விட்டுப் போகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இனி, மோதல் எங்கே வருகிறது என்று பாருங்கள். சித்திரை, வைகாசியில் என் வயல் சும்மா கிடக்கும். அப்போது உங்கள் புல்லுக்குத் தினமும் தண்ணீர் வேண்டும், நான் இருக்கிறேன். மார்கழி, தையில் இரவு குளிர்வதால் புல் மெதுவாகத்தான் வளரும். பத்து நாளுக்கு ஒருமுறை வெட்டியதை அப்போது இருபது நாளுக்கு ஒருமுறை வெட்டினால் போதும். என் அறுவடையும் அப்போதுதான். வருடத்தில் பெரும்பகுதி புல்லும் நெல்லும் ஒன்றுக்கொன்று வழிவிட்டுத்தான் போகின்றன.

வழிவிடாத மாதங்கள் ஐப்பசியும் கார்த்திகையும். வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது இளம் பயிர் நாலைந்து நாள் மூழ்கிக் கிடந்தால் அழுகிவிடும். வரப்பை வெட்டிவிட வேண்டும், வடிகாலில் அடைத்திருக்கும் ஆகாயத்தாமரையை இழுத்துப் போட வேண்டும். மழை விட்டதும் உரம் போட வேண்டும். இங்கே உங்கள் கொரியன் புல்லோ அதே மழையில் தளதளவென்று வளரும். ஆனால் ஈரத்தில் மிஷின் ஓட்டக் கூடாது. சக்கரம் மண்ணில் பதியும், புல் கட்டியாக ஒட்டும், வெட்டுவாயில் பூஞ்சை பிடிக்கும். மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்தால் அந்த இரண்டு நாளில்தான் வெட்ட முடியும். அதே இரண்டு நாளைத்தான் வயலும் கேட்கிறது. பிரச்சினை மொத்தமும் அந்த இரண்டு நாள்தான்.

மூன்று வருடத்துக்கு முன் வேறொரு குடியிருப்பில் நான் செய்த தவறைச் சொல்கிறேன். மழை வந்ததும் யாரிடமும் சொல்லாமல் வயலுக்குப் போய்விட்டேன். போன் வந்தபோது, "நாளைக்கு வந்துடறேன் சார்" என்றேன். நாளைக்கு என்னால் வர முடியாது என்று எனக்கே தெரியும். இப்படி மூன்று வாரம். பிறகு போய் ஒரே நாளில் ஒட்ட வெட்டினேன். புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். எடுத்தால் இலை போய்த் தண்டுதான் மிஞ்சும், மொட்டை அடித்ததுபோல் மஞ்சளாகிவிடும். அப்படியே ஆனது. ஒப்பந்தமும் போனது. புல் வளர்ந்ததற்காக அவர்கள் என்னை நிறுத்தவில்லை. நாளைக்கு நாளைக்கு என்று சொன்னதற்காக நிறுத்தினார்கள். இரண்டு வேலை பார்ப்பவனுக்கு நேரம் குறைவு என்பது எல்லாருக்கும் புரியும். பொய் சொன்னால் யாருக்கும் புரியாது.

செடி கொடியோடு பிழைப்பவன் இன்னொரு வேலையும் பார்ப்பது எங்கள் ஊரில் புதிதல்ல. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-இல் கோட்டை கட்டியது உங்களுக்குத் தெரியும். அங்கே 1768-இல் மிஷன் மருத்துவராக கொயனிக் என்று ஒருவர் வந்தார். தாவரவியல் மேதை லின்னேயசின் மாணவர். வைத்தியம் அவருக்குச் சம்பளம், செடி அவருக்கு உயிர். ஊர் ஊராகப் போய்ச் செடி சேகரிக்க அந்தச் சம்பளம் போதவில்லை. அதனால் ஆற்காடு நவாபிடம் இயற்கை ஆய்வாளராகச் சேர்ந்தார். பிறகு 1778-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வேலைக்குப் போனார். 1785-இல் இறக்கும்வரை செடியை விடவில்லை. உங்கள் பால்கனித் தொட்டியில் இருக்கிற கறிவேப்பிலையின் தாவரவியல் பெயரில் 'கொயனிகி' என்று வருவது அவர் பெயர்தான். அவரை நான் நினைத்துக்கொள்வது ஒரு காரணத்துக்காக. அவர் வேலை மாறும்போதெல்லாம், தன் செடிகளுக்கு இடம் கொடுக்கிற வேலையாகப் பார்த்து மாறினார். இரண்டாவது வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது அதில் எவ்வளவு வரும் என்று பார்ப்பதற்கு முன்னால், முதல் வேலைக்கு அது எந்த மாதம் குறுக்கே நிற்கும் என்று பார்க்க வேண்டும்.

இங்கேயும் சம்பளத்தோடு டியூஷன் எடுப்பவர்கள், இன்ஷூரன்ஸ் பார்ப்பவர்கள், மாவு அரைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கும் பயன்படலாம் என்பதால் நான் பட்டுத் தெரிந்துகொண்ட மூன்று விஷயங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு. முன்பு எல்லாப் பணமும் ஒரே கணக்கில் கிடந்தது. புல்வெளி லாபமா நஷ்டமா என்றே தெரியாது. ஓர் உதாரணம் சொல்கிறேன். மிஷின் 24,000 ரூபாய், நாலு வருடம் உழைக்கும் என்று வையுங்கள். மாதம் 500 ரூபாய் அது தேய்கிற கணக்கு. அதைத் தனியாக எடுத்து வைக்கவில்லை என்றால், நாலாவது வருடம் மிஷின் நின்றதும் நெல் பணத்தில் கை வைக்க வேண்டிவரும். பெட்ரோல், பிளேடு சாணை, பஸ் செலவு எல்லாம் போகத்தான் என் கூலி. இதை எழுதிப் பார்த்த பிறகுதான் நான்கு இடங்களில் ஒன்றில் நான் சும்மா உழைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

இரண்டு, வரி. விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி இல்லை. அதனால், நானும் மண்ணையும் புல்லையும்தானே தொடுகிறேன், இதுவும் விவசாயம்தான் என்று நினைத்திருந்தேன். அது தப்பு. உங்கள் புல்லைக் கூலிக்கு வெட்டித் தருவது தொழில் வருமானம். இரண்டையும் பிரித்துத்தான் காட்ட வேண்டும். சங்கம் எனக்குத் தருவதில் ஒரு சதவீதம் வரிப்பிடித்தம் செய்கிறது. கட்ட வேண்டிய வரி இல்லையென்றால் ரிட்டர்ன் போட்டு அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். முதல் இரண்டு வருடம் அதை விட்டுவிட்டேன்.

மூன்று, உடம்பு. மூன்று வருமானமும் ஒரே முதுகெலும்பில் நிற்கிறது. மிஷின் பிளேடு ஒரு கல்லைத் தெறிக்கவிட்டால் கண் போய்விடும். கண்ணாடியும் பூட்ஸும் இல்லாமல் இப்போது நான் மிஷினைத் தொடுவதில்லை. வருடத்துக்கு 20 ரூபாயில், விபத்தில் இறந்தால் இரண்டு லட்சம் கிடைக்கிற பிரதமர் விபத்துக் காப்பீடு எல்லா வங்கியிலும் இருக்கிறது. உங்கள் வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்கும் தயவுசெய்து போட்டுக் கொடுங்கள்.

இப்போது ஐப்பசிக்கு வருகிறேன். எங்கள் ஊர் மீனவர் குடியிருப்பில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். போன கோடையில் அந்த நாட்களில் அவரை என்னோடு கூட்டிவந்தேன். நீலச் சட்டைக்காரர் ஒருவர் மோட்டார் பக்கத்தில் நின்று வேலை செய்ததைப் பார்த்திருப்பீர்கள். மிஷின் ஓட்ட நன்றாகப் பழகிவிட்டார். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் படகு கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் நான் வயலில் இருப்பேன், அவர் இங்கே இருப்பார். அன்றைய கூலி முழுவதும் அவருக்கு. அதில் எனக்குக் கமிஷன் இல்லை. மிஷின் என்னுடையது, புல்லுக்கு ஏதாவது ஆனால் பொறுப்பும் என்னுடையது.

நம் ஒப்பந்தம் மார்ச் கடைசியில் முடிகிறது. பெரிய ஏஜென்சி ஒன்றுக்குக் கொடுக்கலாம் என்றும், பிளாஸ்டிக் புல் விரித்துவிடலாம் என்றும் கமிட்டியில் பேச்சு இருப்பது எனக்குத் தெரியும். உங்கள் பணம், உங்கள் முடிவு. பிளாஸ்டிக் புல்லைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். அது விரித்திருக்கும் இடத்துக்கு மே மாதம் மதியம் ஒருமுறை போய்ச் செருப்பைக் கழற்றி நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எனக்கே தருவதானால், மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்கிறேன். ஒன்று, ஐப்பசி முதல் தேதியிலிருந்து கார்த்திகை கடைசிவரை என் இடத்தில் நண்பர் வரலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். இரண்டு, தையில் அறுவடைக்கு எட்டு நாள் விடுப்பு. தேதியைப் பதினைந்து நாள் முன்னால் சொல்லிவிடுவேன். மூன்று, பணம் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் வர வேண்டும். ஒரு மாதம் தள்ளிப்போனால் உங்களுக்கு அது ஒரு கையெழுத்து. புரட்டாசியில் தள்ளிப்போனால் எனக்கு அது உர மூட்டை.

என் பக்கத்திலிருந்து நான் எழுதித் தருவது: பதினைந்து நாளுக்கு மேல் எந்த மாதமும் வெட்டு இடைவெளி போகாது, மார்கழியும் தையும் நீங்கலாக. மழையால் போனால், அன்றைக்கே வாட்ஸ்அப் குழுவில் செய்தி வரும். போன கார்த்திகையில் பூங்காப் பக்கம் மஞ்சளானதற்கு நோய் காரணமில்லை. பழைய தவறையே மறுபடி செய்தேன். தாமதித்து ஒட்ட வெட்டினேன். அதற்கு நான் பணம் கேட்கவில்லை, சரிசெய்து கொடுத்திருக்கிறேன். போய்ப் பாருங்கள், பச்சை திரும்பிவிட்டது.

அடுத்த வாரம் அறுவடைக்குப் போகிறேன். அதற்கு முன்னால் நாளைக் காலை ஏழு மணிக்கு சி பிளாக் பக்கம் மிஷின் ஓடும். கார்களைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். கல் தெறிக்கும்.